மந்து: நீலமலைத் தோடர்தம் சிற்றூர் வரலாறு

கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் சூழ, இடையே நீண்டு கிடக்கும் மணற்றிட்டு நம் காட்டுப்பள்ளி. நம் பாட்டன்மார் காலத்தில் அங்கிருந்து வெளியூர் செல்வோர் தோணி ஏறிச் செல்வர்; அன்றேல் மணலிற் கால் புதைய நெடுந்தொலைவு நடப்பர். துறைமுகமும் சாலையும் வந்த பின்னர் அந்நிலை மாறிற்று. சென்ற ஆண்டு யாம் வகுப்பில் ஐந்திணை இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்த பொழுது, கடற்கரைக் குப்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நெய்தல் என்றால் எங்கள் ஊரைக் காட்டுகிறீர்கள். முல்லை என்றால் எந்த ஊரைக் காட்டுவீர்கள்? அது ஏட்டில் மட்டுந்தானா?" என்று வினவினான். நூலில் உள்ளதைக் கூறி அவனை அன்று அமர்த்திவிட்டோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டபாடில்லை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு உதகைக்குச் சென்றிருந்த பொழுது, பூங்காவும் ஏரியும் கண்டு மீள்வதோடு அமையாது, அந்நகர் தோன்றுமுன் அவ்விடத்தில் இருந்த ஊர் யாது என்று தேடத் தொடங்கினோம். தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம் சங்கத்துத் திங்களிதழில் பிறர் குலத்து வரலாறு எற்றுக்கு என்று வினவும் பெரியோர் உளராயின், அவர் சற்றே பொறுத்திருந்து இறுதிகாறும் படித்தருளுமாறு வேண்டுகின்றோம்.

நீலமலையின் மேட்டுநிலத்தில் எருமை புரந்து வாழும் தோடர்தம் குடியிருப்பு மந்து எனப்படும். மந்து என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. ஆனிரையை மந்தை என்கின்றோம். அது கூடும் ஊர்ப்பொது வெளியையும் மந்தை என்கின்றோம். அவையைக் குறிக்கும் மன்று என்னும் சொல்லுக்கு ஆன்தொழு என்னும் பொருளும் உண்டு. முதலில் மாடு கூடிய இடம், பின்னர் அம்மாட்டை உடையார் கூடிய இடம், அதன்பின் வழக்குத் தீர்க்கும் இடம் எனச் சொல் வளர்ந்த வழி இதனால் விளங்கும். நம் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் பள்ளி என்னும் சொல்லும் இவ்வினத்ததே. பாடசாலை என்பது அதற்குப் பிற்காலத்துப் பொருள். சிற்றூர் என்பதும் இடைச்சேரி என்பதும் அதன் பழம்பொருள்களுள் அடங்கும். ஆகவே காட்டுப்பள்ளியில் இருப்பார்க்கு மந்து முற்றிலும் அயலூர் அன்று.

உதகமண்டலம் என்னும் பெயரின் வரலாறும் ஈண்டுக் கூறத்தக்கது. வெள்ளையர் அவ்வூரை ஊட்டகமண்டு என எழுதினர். அதன் ஈற்றில் நிற்பது மந்தே. முன்னிற்கும் பகுதி ஒற்றைக்கல் என்பதன் திரிபு என்பார் ஒருசாரார். பிறிது கூறுவாரும் உளர். பின்னர் வடமொழி உருவங் கொடுக்க விழைந்தார் கைப்பட்டு உதகம், மண்டலம் என இரு சொற்கள் பிறந்தன. நாலைந்து வீடுகள் மட்டுமே கொண்ட மந்து இங்ஙனம் ஒரு மண்டலமாகவே உயர்ந்துவிட்டது. அதில் வாழ்ந்தார் அவ்வாறு உயர்ந்தாரில்லை என்பது பின்னர்ப் புலப்படும்.

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. அதனை அடுத்துள்ள மேட்டுநிலமும் பெரும்பாலும் 2,000 மீட்டரை ஒட்டியே நிற்கின்றது. கடற்கரையில் வாழும் நமக்கு மார்கழிப் பனி என்பது விடியலில் தலையில் துண்டு கட்டுமளவே. அங்கோ மார்கழி, தைத் திங்களிரவுகளில் தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி படர்ந்து, விடியலில் நிலம் உப்புப் பாத்தி போல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியவுடன் புல்லின் நுனி கருகும். ஆனி, ஆடியில் மேல்காற்று மழையைக் கொணரும். மேற்கு விளிம்பிலுள்ள அவலாஞ்சியில் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாளை ஒட்டிய ஒரே பகலிரவில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை இரு திங்களும் சேர்ந்து நல்ல மழை பெய்தாற்கூட அவ்வளவை எட்டுவது அரிது. மலைமேடு முழுவதும் புல். மடிப்புகளில் மட்டும் நீர் கசியும் குறுங்காடு. இக்குறுங்காட்டைச் சோலை என்று நம்மவர் வழங்கியதையே மேனாட்டு அறிஞரும் எடுத்துக்கொண்டு உலகெங்கும் அப்பெயராலேயே எழுதி வருகின்றனர்.

இத்தகைய இடத்தில் மந்து அமையும். சோலை ஒன்றன் ஓரத்தில், ஓடும் நீர் அருகே, மேய்ச்சல் எதிரே தோன்ற மூன்று முதல் ஏழு வீடுகள். பழைய தோடர் வீடு நம் கண்ணுக்குக் கவிழ்த்து வைத்த தோணி போலவே தோன்றும். மூங்கிலை வளைத்து இருபுறமும் நிலத்தில் ஊன்றிப் பிரம்பாற் கட்டி, மேலே புல் வேய்வர். சுவரென்றும் கூரையென்றும் வேறு பிரிவு இல்லை. கூரையே வளைந்து நிலத்தைத் தொடும். முன்னும் பின்னும் மட்டும் கல்லாலோ பலகையாலோ அடைப்பர். நீளம் ஏறத்தாழ 18 அடி, அகலம் 9 அடி, உயரம் 10 அடி. வாயிலோ மூன்றடி உயரமே இருக்கும்; எத்துணைப் பெரியவரும் முழந்தாளிட்டே உட்புக வேண்டும். காற்றும் பனியும் புகாமைக்கும் காட்டு விலங்கு நுழையாமைக்கும் இதனினும் எளிய வழி இல்லை. உள்ளே ஒருபுறம் படுக்கும் மேடை, மறுபுறம் அடுப்பு. புகை கூரைப் புல்லின் வழியே கசிந்து வெளியேறும். சுற்றிலும் சாந்தின்றி அடுக்கிய கல்மதில். இவ்வகை வீடுகள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தோடருட் பெரும்பாலோர் செங்கல், சிமெண்டு வீடுகளில் வாழ்கின்றனர். பயணிகள் படம் பிடிப்பதற்காக அவர் அவ்வளைவீட்டிலேயே தவழ்ந்துகொண்டிருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது முறையன்று.

வீட்டினும் மேலானது மந்தின் பால்மனை. அது கோயிலும் ஆகும். பால் கடையும் இடமும் ஆகும். பெரும்பாலும் வீட்டைப் போன்றே வளைந்த கூரை உடையது. உதகையை அடுத்த முத்தநாடு மந்தில் உள்ளது போல் கூம்பிய கூரையுடையன சிலவே. தோடர் எருமை நாம் அறிந்த நீர்த்தொட்டி எருமை அன்று. அகன்று வளைந்த கொம்பும் மிக்க வலியும் உடைய தனி இனம். அயலாரைக் கண்டால் பாயும். அவ்வெருமைகளுள்ளும் வீட்டு எருமை வேறு, பால்மனைக்குரிய எருமை வேறு. பால்மனையில் பணி செய்வோன் நோன்பு காத்து, தூய்மை காத்து, அங்கேயே உறங்குவான். கறந்த பால் சேரும் கலமும் உள்ளறைக் கலமும் ஒன்றோடொன்று கலவாமைக்கு வகுத்துள்ள விதிகளை நோக்கின், நம் ஆலயங்களில் மடைப்பள்ளிக்கு உள்ள கட்டுப்பாடும் சிறிதெனத் தோன்றும். பெண்டிர் அதனுட் புகார். தோடர் ஊன் உண்ணார். பாலும் மோரும் வெண்ணெயும் நெய்யும், பிறரிடம் பெற்ற தானியமுமே அவர்க்கு உணவு.

நெய்தல் நிலத்தாராகிய நாம் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. குறித்த பருவங்களில் எருமைகட்கு உப்புநீர் ஊட்டுவது தோடர்க்கு ஒரு சடங்கு. நிலத்திற் குழி செய்து நீர் வார்த்து உப்பைக் கரைத்து, முறைப்படி எருமைகளைக் குடிப்பிப்பர். தோடர் மொழியிலும் உப்பின் பெயர் உப் என்பதே. மலையில் உப்பு விளையாது. அது கீழ்நாட்டுக் கடற்கரையில் விளைந்து பலர் கைமாறியே ஏறுதல் வேண்டும். உப்பு வண்டி ஓட்டிய உமணரைச் சங்கச் செய்யுட்களிற் படித்திருக்கின்றோம். அத்திப்பட்டு உப்பளத்தைக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகட்கு, அவ்வழியின் மறுமுனை ஓர் எருமையின் வாய் என்று கூறினால் நன்கு பதியும். அவ்வாறே கூறினோம்; பதிந்தது.

மந்து தனித்து நின்றதேயன்றித் துணையற்று நின்றதில்லை. படகர் தம் விளைவிற் பங்காகத் தானியம் தந்தனர். தோடர் பாலும் நெய்யும் அளித்தனர். கோத்தர் மட்கலமும் இரும்புக் கருவியும் செய்து தந்து, இழவுக்கு இசைக்கருவியும் முழக்கினர். குறும்பர் காட்டுப் பொருளும் மந்திரமும் கொண்டு வந்தனர். நாணயம் புழங்காது நடந்த இக்கொடுக்கல் வாங்கல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தளர்ந்து போயிற்று. சந்தையும் காசும் வந்த பின் அது நில்லாமை இயல்பே.

இனி நம் சங்கத்தார் கருத்திருத்தி நோக்கத்தக்க பகுதிக்கு வருகின்றோம். தோடர் இரு பெரும் பிரிவினர். ஒன்று தார்த்தார், மற்றொன்று தெய்வலி. ஒவ்வொன்றும் பல குலங்களாகக் கிளைக்கும். நம்மனோர் குலப்பெயரை முன்னோன் ஒருவன் பெயராலோ, தொழிலாலோ, தெய்வத்தாலோ வழங்குவோம். தோடர்க்கோ குலத்தின் பெயர் அதன் தலைமை மந்தின் பெயரே. அம்மந்தில் இப்பொழுது ஒருவரும் குடியிராவிடினும் பெயர் நிற்கும், பால்மனை நிற்கும், சடங்கிற்கு அங்கேயே கூடுவர். கோடை வறட்சியில் புல் உள்ள இடம் நாடி எருமையோடு வேறு மந்திற்குப் பெயர்வதும், மழைக்குப் பின் மீள்வதும் அவர்தம் வழக்கம். ஆதலின் ஒரு குலத்திற்குப் பல மந்துகள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடந்த மந்தும் கைவிடப்பட்ட மந்து அன்று. இக்குறிப்பை நினைவிற் கொள்க. பின்வரும் இழப்பு அனைத்திற்கும் இதனை உணராமையே வித்து என்பது எம் துணிபு.

தோடர் பெயர் கல்லில் முதலிற் காணப்படுவது 1117-ஆம் ஆண்டில். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனுடைய தண்டநாயகன் புணிசன் தோடரை அச்சுறுத்தி, நீலமலையின் உச்சியைத் திருமகளுக்கு அளித்தான் எனச் சாமராசநகரத்துக் கல்வெட்டுக் கூறும். வென்றவன் வெட்டுவித்த கல்லில் தோற்றவன் பெயர் வாழ்கின்றது. ஆயினும் அம்மலை யாருடையது என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ? பிறர் பொருளையன்றோ வென்று தானம் செய்தல் வேண்டும்!

அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு அமைதி. 1603-ஆம் ஆண்டு மலையாளக் கரையிலிருந்து பெனிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார் மலை ஏறினார். அங்கே பழைய கிறித்தவர் சிலர் ஒதுங்கி வாழ்கின்றனர் என ஒரு வதந்தி. அவரைத் தேடியே சென்றார். கண்டவர் எருமை மேய்ப்பாரே. பெண்டிர்க்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்துவிட்டு இறங்கினார். மறுபடியும் இருநூறு ஆண்டு அமைதி. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மலை கும்பினியார் கைக்கு வந்தது. 1812-இல் கீஸ், மக்மஹன் என்னும் நிலஅளவையாளர் இருவர் ஏறினர். 1818-இல் கோயமுத்தூர்க் கலெக்டருடைய துணைவர் விஷ், கிண்டர்ஸ்லி என்பார் ஏறி, சீமையைப் போன்ற குளிர்நாடு ஒன்று உளது என்று வியந்து மீண்டனர். 1819-இல் கலெக்டர் ஜான் சலிவனே ஏறினார். 1822-இல் உதகையில் தம் கல் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அம்மாளிகை இன்று அரசு கலைக்கல்லூரியின் பகுதியாக நிற்கின்றது. அந்நிலத்தைத் தோடரிடமிருந்து ஏக்கர் ஒன்றிற்கு ஒரு ரூபாய் வீதம் வாங்கினார் என்ப.

இதற்கிடையே தோடரைப் பற்றி எழுதப்பட்ட விந்தைகளைச் சொல்லப் புகின் இவ்விதழ் போதாது. நெடிய உருவமும் தாடியும் மேற்போர்வையும் கண்டு, இசுரவேலரின் காணாமற்போன குலத்தார் என்றார் சிலர். உரோமர் வழியினர் என்றார் வேறு சிலர். மார்ஷல் என்னும் படைத்தலைவர் தலையோட்டின் மேடு பள்ளங்களை அளந்து குணம் கூறும் 'சாத்திரம்' வல்லவர். 1873-இல் அதனைத் தோடர்மேற் செலுத்தி ஒரு நூலே வெளியிட்டார். அந்நூலில் இன்று எஞ்சிய பயன், அதனோடு சேர்த்து அச்சிட்ட தோடர் மொழி இலக்கணச் சுருக்கம். அதனை எழுதினவர் பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கிய போப்பையரே. உதகையில் பள்ளி நடத்தி வாழ்ந்த அவர் தோடர் பேச்சைக் கேட்டு, அது தமிழினத்து மொழியே எனக் கண்டார். கால்டுவெல் ஐயரும் அதனைத் திராவிட மொழிகளுட் சேர்த்தார். நாம் ஆள் என்பதை அவர் ஓள் என்பர். அதுவே தோடர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். நாடு என்பது அவர் நாவில் நோர் என்று ஒலிக்கும். நம் ஆகாரம் அவர்க்கு ஓகாரமாதல் இவ்விரண்டாலும் விளங்கும். இந்நெறி தெரிந்தபின் இசுரவேலர்க்கு ஆங்கு இடமில்லை. ஒரு குலத்தின் பழமையைக் கூற எகிப்துக்கும் உரோமுக்கும் ஓடுவார் நம்மிடையிலும் இருத்தலின் இதனை விரித்தோம்.

உண்மையில் உழைத்தவர் இருவர். ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் மந்து மந்தாகச் சென்று, குலமரபு வழி ஒவ்வொன்றையும் கேட்டெழுதி, 1906-இல் பெருநூல் வெளியிட்டார். எமனோ என்னும் மொழிநூற் பேராசிரியர் 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கித் தோடர் பாடல்களைத் தொகுத்தார். அந்நூல் 1971-இல் வெளிவந்தது. 101 ஆண்டு வாழ்ந்து 2005-இல் மறைந்தார். எழுத்தே இல்லாத அம்மொழியில் செய்யுள் இலக்கணம் உண்டு என்பதை அவர் நிறுவினார். பாட்டில் எதனையும் ஒருமுறை கூறார்; ஒன்றைக் கூறின் அதற்கு இணையாக மற்றொன்றைக் கூறியே தீர்வர். குலம், மந்து, குன்று, ஓடை, பால்மனை, எருமைக்கூட்டம் ஆகியவற்றிற்கெல்லாம் பாட்டில் வழங்கும் இணைப்பெயர்கள் உண்டு. பாடகன் அவ்விணைகளை மனத்திற் கொண்டு அந்தந்த நிகழ்ச்சிக்கு அங்கேயே பாட்டுக் கட்டுவான். இறந்தார்க்குப் பாடும்பொழுது அவர் பிறந்த மந்து, மேய்த்த எருமை, சென்ற வழி யாவும் வரும். இறந்தார் மேற்கே முக்குருத்திச் சிகரம் கடந்து மறுமை நாட்டை அடைவர் என்பது அவர் கொள்கை. அந்நாட்டின் பெயரிலும் நோர் என்னும் சொல்லே நிற்கின்றது.

ஆகவே மந்திற்கு ஆவணம் இல்லை எனக் கூறுதல் தவறு. ஆவணம் இருந்தது, அது பாட்டில் இருந்தது. கச்சேரியில் பாட்டை யார் கேட்பார்?

சலிவனுக்கு ஒரு பெருமை உண்டு, மறைத்தல் தகாது. மலைநிலம் தோடருடையதே, அதனைக் கொள்வோர் அவர்க்கு விலை தருதல் வேண்டும் என்று அவர் வாதித்தார். தாமே மலையில் மிகுதியாக நிலம் கொண்டவர் இங்ஙனம் வாதித்ததைத் தந்நலம் என்று கூறினாரும் உளர். அஃது எவ்வாறாயினும் வாதம் நேர்மையானதே. 1827 முதல் 1832 வரை சென்னைக் கவர்னராயிருந்த லஷிங்டன் அதனை ஏற்றிலர். வழக்கு இழுபட்டு, 1843-இல் கும்பினியின் டைரக்டர் சபை முடிவுரைத்தது. தோடர்க்கு நில உரிமை இல்லை. அரசின் நிலத்தில் சிறுவரி செலுத்தி எருமை மேய்த்து வந்த வழக்கத்தால் எய்திய உரிமை மட்டுமே உண்டு. மந்திலும் வழிபாட்டிடங்களிலும் குடியேறினார் இடையூறு செய்யலாகாது என்பதே அம்முடிவு. இதன்படி ஒவ்வொரு மந்திற்கும் மூன்று புல்லா, அஃதாவது 11.46 ஏக்கர், பட்டா வழங்கப்பட்டது. 1863-இல் மேலும் ஒன்பது புல்லா, 34.38 ஏக்கர், சேர்க்கப்பட்டது. மேய்ச்சலுக்கே பயன்படுத்தல் வேண்டும். நிலத்தையோ அதிலுள்ள மரத்தையோ விற்றல் கூடாது என்பது நிபந்தனை. இரண்டையும் கூட்டினால் மந்து ஒன்றிற்கு 45.84 ஏக்கர். குன்றுக்குக் குன்று பருவந்தோறும் பெயர்ந்து மேயும் எருமைக்கு இவ்வளவே எல்லை.

விற்கக் கூடாது என்ற நிபந்தனையை நாம் குறை கூறோம். அஃது இல்லாதிருப்பின் அந்நிலமும் என்றோ பறிபோயிருக்கும். குறை அளவையிலன்று, அளந்த முறையிலே. அளவையாளர் வீடு இருந்த இடத்தை ஊர் என்றனர். மற்றதைத் தரிசு என்றனர். வெறுமையாய்க் கிடந்த மந்தைக் கைவிட்ட மந்து என்று எண்ணினர். புல்வெளியைப் பயனற்ற நிலம் என்று கருதினர். அக்கருத்தின் விளைவு பெரிது. 1843-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரம் வந்தது. அதற்கு முன்பே சீகை என்று இன்று அங்கு வழங்கும் வாட்டில் மரமும் வந்திருந்தது. விறகுக்கென்றும், தோல் பதனிடும் பட்டைக்கென்றும், நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல்லாயிரம் ஏக்கர்ப் புல்வெளியில் இவற்றை நட்டனர். சீகை நட்ட இடத்தில் நில்லாது பரவுவது. தேயிலையும் உருளைக்கிழங்கும் எஞ்சியதிற் பெரும்பகுதியைக் கொண்டன. குந்தா மின்திட்டத்து அணைகள் பள்ளத்தாக்குகளில் நீர் நிறைத்தன. அம்மின்சாரத்தால் சமவெளியில் நாம் பயன்பெற்றோம் என்பதும் உண்மை. புல் குறைய எருமை குறைந்தது. எருமை குறையப் பால்மனைகள் பல மூடின. பால்மனைக் கூரைக்கு வேயும் புல் சதுப்பிலே வளரும் தனி வகை. சதுப்பு வற்றிய இடங்களில் அப்புல்லுக்கே நெடுந்தொலைவு அலைய வேண்டியதாயிற்று.

1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோடர் எண்ணூற்றுவர் அளவினரே. இக்குலம் இன்னும் இரண்டொரு தலைமுறையில் அழியும் என்று அக்காலத்து எழுதினோர் பலர். எழுதினோர் மறைந்தனர், தோடர் உளர். இருபதாம் நூற்றாண்டில் நோய் தீர்க்கும் வழியும் பள்ளியும் வந்தன. தொகை மெல்ல உயர்ந்தது. பழைய மணமுறை பற்றியே ஏடு நிரப்பிய பயணிகளுக்கு இனி எழுத ஒன்றுமில்லை, அது வழக்கொழிந்தது. வெண்துகிலில் இழையை எண்ணி எண்ணிச் செந்நூலாலும் கருநூலாலும் வரைபடமின்றியே பெண்டிர் இடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என அரசு வகுத்த ஆறினுள் தோடரும் ஒருவர். நம் பொன்னேரிப் பக்கத்துக் கழிகளில் கையால் இறால் பிடிக்கும் இருளரும் அவ்வாறினுள் ஒருவரே. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தனிப்பட்டாரேயன்றி ஊராரும் கூடிப் பொதுவாக நுகரும் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கின்றது. 1843-இல் மறுக்கப்பட்டது முழுவதும் இதனால் மீளாது. எனினும் ஊரென்பது வீடு மட்டுமன்று என்பதைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டது.

யாம் சென்ற மந்தில் வீடுகள் ஐந்து. நான்கு சிமெண்டு, ஒன்று பழைய வளைவீடு, பூட்டிக் கிடந்தது. பூவேலைப் போர்வை போர்த்த முதியவர் ஒருவர் வெயிலிற் குந்தியிருந்தார். எம் மனைவியார் குளிரால் நடுங்குதல் கண்டு உள்ளிருந்து தேநீர் வருவித்தார். தமிழ் நன்கு பேசினார்.

"பெரியவரே, இம்மந்திற்கு நிலம் எவ்வளவு?" என்று கேட்டோம்.

"எந்தக் கணக்கில் கேட்கிறீர்கள், வாத்தியாரே? தாலுகாக் கணக்கிலா, எருமைக் கணக்கிலா?" என்றார்.

தாலுகாக் கணக்கு ஒரு சொல்லில் முடிந்தது. மற்றதைக் கேட்டோம். அவர் எழுந்து நின்று, கையை நீட்டி, கிழக்கிலிருந்து தொடங்கிக் குன்று, மடு, சதுப்பு, எருமை இறங்கும் துறை, உப்பூட்டிய குழி என ஒவ்வொன்றாய்ப் பெயர் கூறிக்கொண்டே வந்தார். எம் மகள் எழுதத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் கை சளைத்தாள். அவர் நீட்டிய கைக்கு நேரே எமக்குத் தெரிந்தது தைலமரக் காடு மட்டுமே. அரைமணி கழிந்தது, அவர் மேற்கே திரும்பவில்லை. பேருந்துக்கு நேரமாயிற்றென்று விடைபெற்றோம்.

ஊர் திரும்பியபின் அச்சிறுவனை அழைத்து முல்லைக்கு ஊர் உண்டு என்று கூறினோம். பின்னர் அவனையும் வேறு மூவரையும் கொண்டு காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெயர்களைத் தொகுக்க முயன்றோம். கச்சேரிக் கணக்கில் கடற்கரை முழுதும் புறம்போக்கு என்ற ஒரு சொல்லே. பிள்ளைகள் தம் பாட்டிமாரைக் கேட்டு வந்து, தோணி ஏற்றும் கரைக்கும், வலை உலர்த்தும் திடலுக்கும், கழியில் பாடு முறையில் வலை இடும் இடங்களுக்குமாக இதுகாறும் முப்பத்தொன்று பெயர் எழுதியுள்ளனர். அவற்றுள் ஒன்பதிற்கு இடம் காட்ட இயலவில்லை. அவ்விடங்களில் இப்பொழுது வேலி இருக்கின்றது. அண்டையூர்களில் உள்ள நம் சங்கத்து அன்பர்கள், தத்தம் இல்லத்து முதியோரிடம் கேட்டு இத்தகைய பெயர்களை எழுதி, ஊர்ப்பெயருடன் சங்க நிலையத்திற்கு அனுப்புவாராயின், வரும் தை இதழில் வெளியிடுவோம்.